சேலையால் அளந்த வேன்

சொந்தமாக ஒரு வாகனம் வாங்குவது என்று முடிவான நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானும் என் சிங்களச் சிநேகிதியும் களனி ஆற்றில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கயாக் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒல்லியான பிளாஸ்டிக் படகுதான் கயாக். தண்ணீர் அமைதியாக இருக்கும் இடத்தில் தூண்டில் போடவும் கூட்டிப்போவோம். படகு, தூண்டில், வலை, மிதவைச் சட்டை என்று அத்தனையையும் வாடகை லொறிக்காரனின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றி எனக்கு அலுத்துவிட்டது.

கரவனெல்லைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. அம்மா இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறாள். நான் துடுப்பு போடுவதை அவள் ஒருநாள்கூட வந்து பார்த்ததில்லை. கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாள். ஆறும் பிடிக்காது, என் பிழைப்பும் பிடிக்காது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆனாலும் ஒரே ஒரு தடவை அவள் கரையில் நின்று பார்த்தால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

வாகனம் பார்க்க மாவனல்லைக்குப் போக வேண்டும். படகு உள்ளே அடங்குமா என்று பார்க்க அதை அங்கே தூக்கிக்கொண்டா போக முடியும்? நீளத்தை அளந்துகொண்டு போகலாம் என்றால், பக்கத்து வீட்டுத் தையற்காரியின் அளவு நாடா பாதிப் படகுக்குக்கூட எட்டவில்லை. அம்மாதான் தன் பழைய நைலக்ஸ் சேலையைப் படகின் மேல் நீளமாக விரித்து, வால் முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்டாள். போட்டவள் தானும் வருவதாகச் சொல்லி முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

நான் மனசில் குறித்து வைத்திருந்தது சின்ன லொறி. பின்னால் படகைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. வேன் என்றால் கூரை மேல் தூக்கிக் கட்ட வேண்டும், இடுப்பு கழன்றுவிடும். வாகனம் விற்கும் முதலாளி பொறுமைசாலி. இரண்டு பெண்கள் சேலையோடு வந்து லொறியை அளப்பதை அவர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

லொறியில் முடிச்சு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்த வேனின் கூரையில் அதே சேலை அடக்கமாகக் கிடந்தது. எனக்குத் தலை சுற்றியது. லொறிதானே நீளமாகத் தெரிகிறது? மறுபடி அளந்தோம். அப்போதுதான் கவனித்தேன். லொறிக்கு அளக்கும்போது அம்மா தன் முனையைத் தேர் வடம் போல இழுத்துப் பிடித்தாள். வேனுக்கு அளக்கும்போது தொய்யவிட்டாள். பால் வெட்டி உரமேறிய கை இழுத்தால் நைலக்ஸ் நீளாமல் என்ன செய்யும்?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முதலாளி நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஒனக்கு எதுக்கும்மா வேனு? நீதான் ஆத்துப் பக்கமே வரமாட்டியே."

அம்மா சேலையை நிதானமாக மடித்தாள்.

"லொறியில ரெண்டு சீட்டு. ஒன்னு ஒனக்கு, ஒன்னு ஒன் கூட்டாளிக்கு. நான் என்னா, படகோட படகா பின்னாடி படுத்துக்கிட்டா வர்றது? பால் நிறுத்துக் குடுத்துட்டு, ரெண்டு பஸ் மாறி அங்க வந்து சேந்தா, திரும்பி வர்றதுக்குக் கடைசி பஸ்ஸும் போயிரும். நீ ஆத்துல என்னா செய்யிறன்னு ஊரே பாத்துருச்சு. நானும் ஒருநாள் பாக்கணுமில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது. விலையைப் பற்றி எழுதினால் என் சந்தோஷம் கெட்டுவிடும், விடுங்கள். வேனைத்தான் வாங்கினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகைக் கூரையில் ஏற்ற அம்மாவும் ஒரு முனையைப் பிடித்தாள். முன் சீட்டில் உட்கார்ந்து, வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டே வந்தாள். ஆற்றில் நான் காட்டாத வித்தை இல்லை. பாறைக்கு நடுவே சுழிப்பில் இறங்கி, படகோடு ஒரு குட்டிக்கரணம் போட்டு எழுந்து, மூச்சு வாங்கக் கரைக்கு வந்தேன். நல்லா இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அம்மா படகுக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுல ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி இல்லையா?"

எனக்கு முன்னால் இன்னொரு இருக்கை காலியாகத்தான் இருந்தது. என் மிதவைச் சட்டையைக் கழற்றி, சேலைக்கு மேலே அவளுக்கு மாட்டி, வாரை இறுக்கினேன்.