நடைக்குச் சாட்சி

நாற்பது நாள் படுக்கையில் கிடந்தவர் எழுந்து நிற்பதே பெரிய விஷயம். நம் கண்டக்டர் நடக்கவே செய்தார். அந்த நடைதான் அவர் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

வைரஸ் காய்ச்சல் நுரையீரலைப் பிடித்து, பத்தொன்பது நாள் குழாய் வழியே மூச்சு விட்டவர் அவர். பிழைத்து, மறுவாழ்வு வார்டுக்கு வந்து இது மூன்றாவது வாரம். சீப்பைத் தூக்கினாலே மூச்சு வாங்கிய நாட்கள் போய், இப்போது தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார். மாலையானால் அடுத்த கட்டிலுக்கு ஒரு பட்டாளமே வந்து ஆரஞ்சு உரிக்கும். இவர் கட்டிலோரத்து நாற்காலியில் இவர் துண்டு மட்டும் கிடக்கும். கல்யாணப் பேச்சு தட்டிப்போய்த் தட்டிப்போய்க் கடைசியில் நின்றேவிட்டது. சொந்தபந்தம் எல்லாம் பஸ்ஸில்தான்: ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், படியில் தொங்கித் திட்டு வாங்குகிறவர்கள். அந்த பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டுமானால் நடைப் பரிசோதனையில் தேற வேண்டும். தவறினால் டெப்போ மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பேச்சுத் துணைக்குச் சுவர்தான்.

வெள்ளிக்கிழமை தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடந்தார். சுவரைத் தொடவில்லை, மூச்சும் திணறவில்லை. பிசியோதெரபிஸ்ட் நல்ல பெண்தான், ஆனாலும் உதட்டைப் பிதுக்கினாள். காலை இவ்வளவு அகட்டி நடக்கிறாரே, சமநிலை இன்னும் வரவில்லை என்றாள். அகட்டாமல் என்ன செய்வார்? இருபத்தாறு வருஷம் ஓடுகிற பஸ்ஸில், பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லாமல் நடந்த கால் அது. அதைச் சொன்னார். எல்லா நோயாளிகளும் முன்பே இப்படித்தான் என்கிறார்கள், கூட இருந்து பார்த்தவர் யாராவது சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றாள். நியாயம்தான்.

அவர் அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"சின்ன வயசுல நல்லாத்தான் நடப்பான்மா. இப்ப எப்படின்னு... நான் பார்த்தே பல வருஷம் ஆச்சே."

அடுத்து டிரைவர். பதினெட்டு வருஷம் ஒரே பஸ். ஆனால் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்த மனிதர்.

"நூறு பேர் விசிலடிச்சாலும் அவர் விசில் எதுன்னு சொல்லிடுவேன். நடையை நான் எங்கம்மா பார்த்தேன்?"

மூன்றாவதாகச் சொல்ல நம்பர் இல்லை. தினம் ஆயிரம் பேர் பார்த்த நடை, அதில் ஒருத்தர் பெயர்கூட இவருக்குத் தெரியாது. செத்துப் பிழைத்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

'முந்தைய நடை: தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, அவள் தரையில் டேப் ஒட்டினாள். இரண்டு வாரம் அதன் மேல் காலைச் சேர்த்து வைத்து, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக நடந்தார். இந்த நடையோடு ஏறினால் பஸ்ஸின் முதல் வளைவிலேயே விழுவோம் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தேறிவிட்டார்.

அவள் கையெழுத்துப் போடும்போது கேட்டார்.

"இனிமே யாராவது நான் எப்படி நடந்தேன்னு கேட்டா, உங்க நம்பரைக் கொடுக்கலாமாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வரவேற்பறையின் நம்பர். சொந்த நம்பர் கொடுக்க ஊழியர்களுக்கு அனுமதி கிடையாது. அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.