இரண்டாவது பாத்தி

நான் உயரமாக வளராமல் போனதற்கு அப்பா சொல்லும் காரணம், மாசி மாதங்களில் நான் தலையில் தூக்கிய தண்ணீர்க் குடங்கள். அது உண்மையில்லை, எங்கள் வம்சமே குட்டை. ஆனாலும் நான் அதை மறுத்ததில்லை. அந்தக் குடங்களின் பேரில் எனக்கு இன்னும் ஒரு கோபம் மிச்சமிருக்கிறது.

நாகலூரைத் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடுகள். முதல் வீடு எங்களுடையது. ஐந்தாவது வீட்டில் சித்தப்பாவும் சித்தியும். பின்னால் சரிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கையகலத் தோட்டம். காப்பிப் பழம் பறித்து முடிந்து மிளகுப் பறிப்பு தொடங்குவதற்குள் கிடைக்கிற நாலைந்து நாளில் அம்மா நாற்றுப் பாத்தி போடுவாள். மூன்று மாதம் கூடை சுமந்த இடுப்பு நிமிராது. குனிந்தே இருக்கிற வேலைதானே என்று அவளே சொல்லிக்கொண்டு, மண்ணைப் பொடியாக்கி, எருவும் சாம்பலும் கலந்து, தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளைத் தூவி, மேலே காய்ந்த புல்லைப் பரப்பிவிடுவாள்.

அதற்குப் பிறகு என் பாடு. மாசியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஊற்று கீழே பள்ளத்தில். பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு குடம், வந்தபின் இரண்டு குடம். ஏறி வரும்போது முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழும்.

எனக்கு ஒரு கணக்குப் புரியவில்லை. எங்கள் தோட்டத்துக்கு ஒரு பாத்தி நாற்றே அதிகம். அம்மா போட்டதோ இரண்டு பாத்தி. முதலில் அப்படி இல்லை. எனக்கு ஏழு வயதாகும்வரை ஒரே பாத்திதான். அதை அம்மாவும் சித்தியும் சேர்ந்து போட்டு, இரண்டு வீட்டுக்கும் பிரித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் விதையைத் தூவியது சித்தி. பத்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. விதை பழசாக இருந்திருக்கலாம், எறும்பு கொண்டுபோயிருக்கலாம். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, கூடையைக்கூட இறக்காமல் பாத்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“உங் கை பட்டா எதுதான் மொளைக்கும்?”

சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அம்மா அள்ள நினைத்தாளா இல்லையா என்பது அப்போது எனக்குத் தெரியாது. சித்தி அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எந்த விதையையும் தொடவில்லை. இருவரும் ஒரே மலையில் பழம் பறித்தார்கள், ஒரே ஊற்றில் தண்ணீர் எடுத்தார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அம்மா இரண்டு பாத்தி போட்டாள்.

நடவு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்தபின் நடக்கும். முதல் பாத்தியிலிருந்து நாற்றுகளைப் பிடுங்கி நட்டு முடித்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். திரும்பி வந்து பார்த்தால் இரண்டாவது பாத்தியில் பாதியைக் காணோம். அம்மாவைக் கேட்டால், “மொசல் தின்னுருக்கும் சாமி” என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். முயல் நாற்றை வேரோடு பிடுங்கி, குழியை மண்ணால் மூடிவிட்டுப் போகுமா? இரண்டு வருஷம் அந்த முயலைப் பற்றி யோசித்தேன். தின்றது யாராக இருந்தாலும் தின்றது என் தண்ணீரை.

எனக்குப் பத்து வயதான வருஷம், நடவு ஞாயிறு காலையிலிருந்து ஆறு குடம் சுமந்திருந்தேன். நட்டு முடித்தபிறகு அம்மா இன்னும் நாலு குடம் கொண்டுவந்து இரண்டாவது பாத்தியில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன், முணுமுணுத்துக்கொண்டே. கோயிலுக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றாள். “அப்ப நானும் போவுல” என்றாள். நட்ட அன்றைக்குக் கற்பூரம் ஏற்றாமல் விடக்கூடாது என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அரைமனதாகக் கிளம்பியவள் திரும்பி வந்து, “உள்ளயே படுத்துக்கோ சாமி. வெளிய என்ன சத்தங் கேட்டாலும் ஊட்ட உட்டு வராத” என்றாள். காட்டுப்பன்றிக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவர்கள் தலை மறைந்ததும் விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சித்தி வந்தாள். கையில் நனைத்த சாக்குத் துண்டு. பாத்தியின் ஓரத்தில் குந்தினாள். ஒவ்வொரு நாற்றாக விரலைக் கீழே விட்டு மண்ணோடு தூக்கி, சாக்கின்மேல் வரிசையாகப் படுக்கவைத்தாள். எடுத்த குழியைத் தடவி மூடினாள். நடுவில் ஒரு நாற்றை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்துச் சிரித்தாள். மூன்று வருஷமாக அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்ததில்லை.

அதைப் பார்த்தபிறகும் கத்தினேன். அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. பத்துக் குடம் தூக்கிய கழுத்து வலி, முயலைப் பிடித்துவிட்ட பெருமை, எல்லாம் சேர்ந்து, “திருடி! நாத்துத் திருடி!” என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

பத்து வீட்டுச் சனமும் வந்துவிட்டது. எட்டாவது வீட்டுப் பெரியம்மா மோவாயில் கைவைத்து, “அடக் கெரகமே! நாத்தயா திருடற?” என்றாள். சித்தி சாக்கைக் கையில் ஏந்தியபடி நின்றாள். ஓடவில்லை. அதற்குள் அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். அம்மாவின் கையில் குங்குமப் பொட்டலம்.

“நாந்தான் எடுத்துக்கச் சொன்னேன்” என்று அம்மா ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாரும் கலைந்திருப்பார்கள். அவளுக்கு அது வரவில்லை. சித்தியைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து, “நாத்துதான? எடுத்துட்டுப் போவட்டும், உடுங்க” என்றாள். அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். காதில் விழுந்தது பிச்சை போடுகிற மாதிரி.

சித்தி குனிந்து, ஒரு நாற்றும் சாயாமல் சாக்கைப் பாத்தி ஓரத்தில் வைத்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அம்மாவிடம் பேசினாள்.

“வேண்டாமுங்க்கா. எங் கை பட்டா எது மொளைக்குமுங்க?”

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. இருட்டுகிறவரை உட்கார்ந்து, சாக்கிலிருந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக அதே பாத்தியில் திரும்ப நட்டாள். நானும் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, நெட்டையாக வளர்ந்து, நாலு பூப் பூத்துக் கருகின. மறுவருஷமும் அம்மா இரண்டு பாத்தி போட்டாள். கோயிலுக்கும் போனோம். திரும்பி வந்தபோது நாற்றெல்லாம் அப்படியே நின்றன. அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அந்தச் சித்திரையில் சித்தப்பாவும் சித்தியும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். சொல்லிக்கொண்டு போகவில்லை.

இப்போது சேலத்தில் மாடி வீட்டில் இருக்கிறேன். தயிர் டப்பாக்களில் நானும் நாற்று விடுகிறேன். வேலை முடிந்து வந்து, குளிக்கக்கூடத் தெம்பில்லாத ஒரு சாயங்காலம், போன மாசியில், தண்ணீர் விடாமலேயே ஒரு தக்காளி நாற்றைப் பிடித்து இழுத்தேன். தண்டு கையோடு வந்தது. வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது. பிடுங்குமுன் சேறாகும்வரை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் அறுந்துவிடும். அம்மா எத்தனையோ தடவை சொன்னது. அந்த அறுந்த தண்டைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் பிடுங்காத பாத்தியை எதற்கு நனைத்தோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வருஷா வருஷம் சித்தியின் கையில் வேர் அறுந்துவிடக்கூடாது என்று என் தலையில் தண்ணீர் வந்திருக்கிறது.

நான் கத்திய அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் குடத்தைச் சாய்த்தபோது அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். “இதுல நாம புடுங்கப் போறதே இல்லயே, இதுக்கு எதுக்கும்மா இத்தன தண்ணி?”

அவள் பாத்தி மண்ணை விரலால் குத்திப் பார்த்தாள். ஐந்தாவது வீட்டைப் பார்த்த ஓரத்தைக் காட்டினாள்.

“அந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் ஊத்து சாமி. அங்கதான் நொம்பக் காஞ்சு கெடக்குது.”