முத்தலிப்பின் மொட்டைத் தலை

மூதூர் லாஞ்சுப் படகில் எஞ்சின் ஓட்டும் முத்தலிப்புக்கு நுரையீரலில் புற்று முற்றியிருந்தது. எழுபத்தொன்பதாம் ஆண்டில் கொழும்பு ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த மருந்தொன்றை அவருக்கு ஏற்றினார்கள். சோற்று வாசம் பட்டாலே குடலைப் பிரட்டியது. வாடைக்காற்றில் லாஞ்சு ஏறும் பெண்களைப்போலத் தேசிக்காய் எனும் எலுமிச்சையை முகர்ந்துகொண்டே, “இதுவும் ஒரு கொந்தளிப்புத்தான், கரை வரும்” என்று மனைவி ஸல்ஹாவுக்கு அவர்தான் தைரியம் சொன்னார். ஊரில் ஒருவரிடமும் அவர் நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. தூரப் பயணம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மருந்து தலைமுடியை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. ஊர் திரும்பிய அன்று மூதூர்த் துறையில் கால் வைத்ததும் காற்று அவருடைய தொப்பியைப் பறித்துக்கொண்டது. மக்காவுக்கு ஹஜ்ஜுப் பயணம் போனவர்கள் தலை மழித்துத் திரும்பும் காலம் அது. மீன் ஏற்றிக்கொண்டிருந்த ஜமால்தீன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தான்.

“ஹாஜியார்! சொல்லாமக் கொள்ளாம மக்காவுக்குப் போயிட்டு வந்திட்டீங்களே! அல்லாஹ்விடம் எங்களுக்குத் துஆ கேளுங்க!”

கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீர் கேட்டாள். முத்தலிப்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்னடா மக்கா? நான் புற்றுநோய்க்கு மருந்தேத்திட்டு வாறன்!”

கூடி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஜமால்தீனின் கை தோளிலிருந்து நழுவியது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

“ஏன் செத்த மையத்தைப் பார்க்கிற மாதிரி நிக்கிறீங்க? இந்த முறை துஆவை நீங்க எனக்குக் கேளுங்க. மக்காவுக்கு நான் போகத்தான் போறன். அங்க மழிக்கிறதுக்குத் தலையில முடி வேணுமே. அதைத்தான் இப்ப வளர்க்கிறன்.”