மகிமாவின் படம் திரையில் வந்த வாரம்

பல்கலைக்கழக நூலக வாசலில் மாட்டியிருந்த தொலைக்காட்சித் திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் மகிமா நின்றுவிட்டாள். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் குடை. பின்னால் வந்த மாணவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். திங்கட்கிழமை தோறும் நூலகச் செய்திகளைப் புதிதாக மாற்றுவார்கள். தேர்வு முடியும்வரை வாசிப்புக் கூடம் கூடுதல் நேரம் திறந்திருக்கும் என்று ஒரு அறிவிப்பு. ஆய்விதழ்களை இனி வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று இன்னொன்று. அதற்கு அடுத்து அவள். காதில் ஹெட்போன், முன்னால் மைக், வாசிக்கும்போது எடுத்ததால் வாய் பாதி திறந்திருந்தது. கீழே பெரிய எழுத்தில் இருந்தது: "நம் நூலகத்தின் குரல், திருமதி மகிமா. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான குரல்நூல் சேவை, திருவொற்றியூர் வளாகம்."

முகமும் பெயரும் இடமும் ஒரே திரையில் வந்துவிட்டன.

மகிமா திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சந்தை ஊரில் பிறந்தவள். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. தமிழில் எம்.ஏ. முடித்த கையோடு, பக்கத்து ஊரில் இரும்புக்கடை வைத்திருந்த ஜெபசிங்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஜெபசிங் சர்ச்சில் முன்வரிசையில் நிற்பவன். கடையில் யாரிடமும் குரலை உயர்த்தாதவன். வீட்டிலும் உயர்த்தமாட்டான். கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகப் பேசிக்கொண்டேதான் அடிப்பான். அவளுடைய மணிக்கட்டு ஒடிந்தபோது ஒருமுறை காவல் நிலையம் வரை போனாள். அங்கே இருந்தவர்கள் அவனுக்கே போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அன்று வீட்டில் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நாள் கழித்து, அவன் சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தபோது, சான்றிதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

கல்லூரித் தோழி ஜெஸ்லின் ராயபுரத்தில் நர்ஸாக இருந்தாள். அவளுடைய அறையில் ஒண்டிக்கொண்டாள் மகிமா. பிறகு ஜெஸ்லின் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட, அறை இவளுடையதானது. வடசென்னைக் கூட்டத்தில் ஒளிந்துகொள்வது சுலபம் என்றுதான் முதலில் நினைத்தாள். போகப்போகத்தான் தெரிந்தது, தெருவுக்கு ஒரு மளிகைக்கடை தெற்கத்திக்காரர்களுடையது என்று. கல்லாவில் இருப்பவர் யாருக்கு மைத்துனரோ, யாருக்குச் சம்பந்தியோ. அதனால் அரிசி பருப்பெல்லாம் மண்ணடி வரை போய், தெரியாத ஆட்களிடம் வாங்கினாள். நாக்கில் இருந்த ஊரைக்கூட வழித்துப் போட்டாள். 'பாக்கேன்', 'வாரேன்' எல்லாம் போய் 'கீது', 'வந்துகினு' எல்லாம் பழகியது. புருஷன் எங்கே என்று கேட்டவர்களிடம் குவைத் என்றாள்.

நூலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. காலையில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். மத்தியானத்துக்கு மேல், இணையத்தில் மாணவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுத வேண்டும். 'நூலகரைக் கேளுங்கள்' என்பது அந்தச் சேவையின் பெயர். யார் எழுதினாலும் பதில் 'நூலகர்' என்ற பெயரில்தான் போகும். முகம் காட்டத் தேவையில்லாத அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமையே அவள் உதவி நூலகர் சங்கமித்ராவின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"மேடம், அந்தப் படத்தை எடுத்துடறீங்களா?"

சங்கமித்ரா வியாசர்பாடிக்காரி. வேலையில் கறார், பேச்சில் கலகலப்பு. "ஏன், நல்லாத்தானே கீது? துணைவேந்தர் ஆபீஸ்லயே பாராட்டிட்டாங்க. வெப்சைட்டு, பேஸ்புக்கு எல்லாத்துலயும் போட்டாச்சு."

"வாய் தொறந்துகினு அசிங்கமா இருக்கு மேடம்."

"அட போ மகிமா. கூச்சப்படாதே. அடுத்த வாரம் தானா மாறிடும்."

காரணத்தைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் குவைத் பொய்யும் உடைந்துவிடும். தன் கண்ணாடி அறைக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, வழக்கமாக இறங்கும் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தாள். பின்னால் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் ஒதுங்கி நின்று போகவிட்டாள். இரவு கதவுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கணினியில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. பெயர் போடாமல் யாரோ எழுதியிருந்தார்கள்.

"குரல்நூல் வாசிக்கும் அம்மா எத்தனை மணிக்கு இருப்பார்கள்?"

கை தட்டச்சுப் பலகையிலேயே நின்றுவிட்டது. இது மாணவனாகவும் இருக்கலாம். புதிதாகச் சேர்ந்த யாராவது பாடம் கேட்க நினைத்திருக்கலாம். அப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பதில் அடித்தாள்: "ஊழியர் பற்றிய விவரங்களைத் தர இயலாது. குரல்நூல் பெற உங்கள் பதிவு எண்ணை அனுப்பவும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூன்று புள்ளிகள் துள்ளின. எதிர்ப்பக்கம் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சரி மேடம். நேர்ல வந்து பாத்துக்கிடுதேன்."

அந்த 'கிடுதேன்' அவளுக்குக் காதிலேயே கேட்டது, ஜெபசிங்கின் மெதுவான குரலில். நாற்காலி சாய எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டு நேரே சங்கமித்ராவிடம் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். மணிக்கட்டைக்கூடக் காட்டினாள்.

சங்கமித்ராவின் முகம் சுருங்கியது. "இத்தை ஏன் திங்கக்கெழமையே சொல்லல நீ?" என்று சத்தம் போட்டாள். உடனே குரல் இறங்கியது. "நானும் போட்டோ போடறதுக்கு முன்ன உன்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. எம்மேலயும் தப்பு கீது."

அப்போதே படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் செய்தாள். ஆனால் அதற்குள் பலர் பகிர்ந்திருந்தார்கள். போலீசுக்குப் போகலாமா என்று சங்கமித்ரா கேட்டாள். "வேணாம் மேடம். அவங்க அவருக்கே போன் போடுவாங்க." சங்கமித்ரா வற்புறுத்தவில்லை. வாசல் காவலர் அத்தாவுல்லாவைக் கூப்பிட்டு, தெற்கத்திப் பேச்சுப் பேசிக்கொண்டு வெளியாள் யார் வந்தாலும் தன்னிடம் சொல்லாமல் விடக்கூடாது என்றாள்.

"என்னைத் தாண்டி ஒருத்தன் போவ மாட்டாம்மா" என்றார் அத்தாவுல்லா.

மறுநாள் அவர் மத்தியானத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். வாசலில் மாற்றுக் காவலர். வெளியாட்களுக்கு ஒருநாள் அனுமதிச் சீட்டு தருவதும் நூலகத்தின் சேவைகளில் ஒன்றுதான். அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

மகிமா அப்போது கண்ணாடி அறையில் இருந்தாள். காலையில் நடந்திருக்க வேண்டிய பதிவு, கரண்ட் போனதால் தள்ளிப்போயிருந்தது. பக்கத்தில் எழிலன் இன்னொரு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். காத்திவாக்கத்துப் பையன், முதுகலை வரலாறு படிக்கிறான், பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் வாசிப்பதைக் கூடவே கேட்டு, விட்டுப்போன சொல் இருந்தால் சொல்வான். வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் இருவரும் நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் தொடர்வார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

துறைமுகம் கட்டிய காலத்தைப் பற்றிய ஒரு பத்தியின் நடுவில் பக்கம் திருப்ப நிமிர்ந்தாள். எதிரே இருந்த வாசிப்பு மேசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் செய்தித்தாளைப் பிரித்துவைத்திருந்தான். முன்னந்தலை ஏறி, உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. செய்தித்தாளை அவன் படிக்கவில்லை.

வார்த்தை பாதியில் நின்றது.

"இன்னாக்கா, ஏன் நிறுத்திட்ட? ஹாரன்கூட இல்லியே" என்றான் எழிலன்.

எழிலன் ஹெட்போனைக் கழற்றினான். அவள் மூச்சு விடும் விதம் அவனுக்குக் கேட்டது.

"அக்கா, யாருனா வெளிய கீறாங்களா?"

"எம் புருஷன்."

"குவைத்துல இருந்து வந்துட்டாரா?"

"குவைத் இல்ல எழிலா. நான் அவருக்குப் பயந்து ஓடி வந்தவ."

எழிலன் அவள் பக்கம் சாய்ந்தான். பிறகு மெதுவாக, "எனக்குக் கண்ணு தெரியாதுக்கா. நீயே சொல்லு, இன்னா பண்றாரு இப்போ?" என்றான்.

தினமும் அவனுக்காகப் படிக்கிற பழக்கத்தில் அவள் சொல்லத் தொடங்கினாள். "பேப்பரை மடிக்காரு. மடிச்சு ஓரமா வைக்காரு. எந்திரிக்காரு. சட்டையை இழுத்துவிடுதாரு. என்னையே பாத்துக்கிட்டு வாராரு..." ஆறு வருடமாக வழித்துப்போட்ட ஊர்ப் பேச்சு முழுவதும் அப்படியே வாயில் வந்து நின்றது. அது அவளுக்கே தெரியவில்லை.

எழிலன் பையைத் துழாவி போனை எடுத்தான். குரலால் கட்டளையிட்டுக் கவுண்டரில் இருந்த சங்கமித்ராவை அழைத்தான். "மேடம், ஓடியாங்க. கண்ணாடி ரூமு."

ஜெபசிங் கதவருகே வந்து, விரல் கணுவால் மெல்லத் தட்டினான். கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துச் சிரித்து, மன்னிக்கச் சொல்வதுபோல் தலையசைத்தான். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"மகி. எம்புட்டு அலைய விட்டுட்டே. கதவைத் தொற. நீ சத்தம் போடாம வந்திட்டேன்னா ஒண்ணும் செய்யமாட்டேன். இல்லன்னா, போன தடவை கையோட விட்டேன். இந்தத் தடவை வாசிக்கதுக்கு வாய் இருக்காது, பாத்துக்க."

சிரிப்பு மாறவே இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, கோபித்துக்கொண்ட மனைவியைக் கெஞ்சும் ஒரு நல்ல மனிதன்தான் தெரிந்திருப்பான். மகிமா நாற்காலியிலிருந்து வழுக்கி, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தாழ்ப்பாள் ஒரு முறை அதிர்ந்தது. எழிலன் எழுந்து, தடவித் தடவிப் போய், கதவில் முதுகைச் சாய்த்து நின்றான்.

சங்கமித்ரா ஓடி வந்தாள். பின்னாலேயே, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அத்தாவுல்லா.

"என் சம்சாரம் மேடம். மனசு சரியில்லாதவ. ஆறு வருஷமா தேடுதேன்" என்றான் ஜெபசிங், மிகவும் பணிவாக. அதைக் கேட்டு ஒரு பேராசிரியர், "குடும்ப விஷயம், உக்காந்து பேசி அனுப்பிடுங்களேன்" என்றார்.

"சார், நீங்க படிங்க" என்றாள் சங்கமித்ரா. அத்தாவுல்லா ஜெபசிங்குக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றார். அவன் இவரைத் தொடவில்லை. "போலீசை வரச் சொல்லுங்க, நானே பேசுதேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போலீஸ் தன் பக்கம்தான் பேசும் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது.

வந்த போலீஸ்காரர்களில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். எழிலன் தாழை நீக்கி அவரையும் சங்கமித்ராவையும் உள்ளே விட்டான். முதலில் அவரும், "புருஷன் பொண்டாட்டி சண்டைம்மா, ஸ்டேஷனுக்கு வந்து ரெண்டு பேரும் பேசுங்க" என்றுதான் தொடங்கினார். மகிமா மேசைக்கு அடியிலிருந்து வரவில்லை. காவல் உடுப்பைப் பார்த்ததும் இன்னும் உள்ளே ஒடுங்கினாள்.

அப்போது எழிலன்தான் சொன்னான். "மேடம், மைக்கை யாரும் அணைக்கலியே. ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கினுதான் கீது."

சங்கமித்ரா பதிவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, ஒலியைக் கூட்டி வைத்தாள். துறைமுகத்தைப் பற்றிய வாசிப்பு. பிறகு நிசப்தம். மகிமாவின் நடுங்கும் குரல். அப்புறம் கதவிடுக்கின் வழியாக வந்த அந்த மெல்லிய பேச்சு, ஒரு சொல் விடாமல். கேட்டு முடித்ததும் சப்-இன்ஸ்பெக்டர் வெளியே திரும்பிப் பார்த்தார். ஜெபசிங் இன்னும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்திரி" என்றார் அவர்.

அவனை அழைத்துப் போன பிறகும் வெகுநேரம் மகிமா வெளியே வரவில்லை. சங்கமித்ரா புடவையோடு தரையில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் கையை நீட்டினாள். "நானும் கூட வரேன் ஸ்டேஷனுக்கு. உன்னை விட்டுட்டு வெளிய நிக்க மாட்டேன். அவங்க எழுதறதைப் படிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போடணும். சரியா?" மகிமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுகப் பிடித்ததில் சங்கமித்ராவின் வளையல் ஒன்று நெளிந்துபோனது.

ஜெபசிங் சில வாரங்களில் ஜாமீனில் வந்துவிட்டான். அவள் இருக்குமிடத்தை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. மகிமா ராயபுரத்து அறையைக் காலி செய்துவிட்டு, வியாசர்பாடியில் சங்கமித்ரா இருக்கும் அடுக்குமாடியிலேயே ஒரு வீட்டுக்கு வந்துவிட்டாள். நூலகத்தில் ஒருநாள் சீட்டு வாங்க வருபவர்கள் இப்போது யாரைப் பார்க்க, எதைப் படிக்க என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் யாரும் 'நூலகரைக் கேளுங்கள்' பக்கத்தில் எழுத முடியாது. ஊழியர் யாருடைய படத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் போடுவதில்லை.

பயம் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட யாராவது எதிரே வந்தால் இன்றும் அவள் தெருவின் மறுபக்கம் மாறிவிடுகிறாள். சில நாட்களில் வாசிப்பை நடுவில் நிறுத்திவிடுகிறாள். அப்போது எழிலன் காத்திருப்பான்.

போன மாதம் சாட்சி சொல்ல அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். ஜெபசிங் சில அடி தூரத்தில் கைகட்டி நின்றான். எதிர்த்தரப்பு வக்கீல், அவள் எதற்காகப் புருஷனைக் குவைத்தில் இருப்பதாகச் சொல்லி ஊரை ஏமாற்றினாள் என்று கேட்டார். மகிமா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல இருக்காருன்னு சொல்லப் பயமா இருந்திச்சுய்யா. இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றாள், ஊர்ப் பேச்சிலேயே. "என்ன நடந்திச்சுன்னு கேளுங்க, சொல்லுதேன்."