குண்டு எறிபவளின் குரல்

குண்டு என்ற பட்டப்பெயர் அவளுக்கு இரண்டு விதத்திலும் பொருந்தியது. உடம்பும் குண்டு, மைதானத்தில் எறிவதும் இரும்புக் குண்டு. பார்சல் கிடங்கில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை.

"தூக்கி எறிஞ்சேன்னா கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுவீங்க, ஜாக்கிரதை" என்று சிரித்துக்கொண்டே, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பெட்டியை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றிவிட்டுப் போவாள்.

வேலை முடிந்தால் நேரே மைதானம். தேசிய அணிக்குத் தேர்வாக ஒரு சாண் தூரம்தான் குறைந்தது. அந்த ஒரு சாண் எத்தனை மாதம் முட்டி மோதியும் நகரவில்லை.

"உனக்குத் தெம்பு பத்தலம்மா" என்றார் மாஸ்டர். பயிற்சியாளரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சின்னப் புட்டி ஒன்றை எடுத்தார். ஒட்டியிருந்த தாளை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். "விட்டமின் மாதிரி ஒரு ஊசி. எல்லாரும் போடறதுதான்."

"உள்ள என்ன மாஸ்டர் இருக்கு?"

"நீ எறியற வேலையைப் பாரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு உறுத்தியது. துருவித் துருவிக் கேட்டால் அணியில் இடம் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

சில வாரங்களில் இரும்புக் குண்டு பறந்தது. அந்தச் சாணைத் தாண்டி, இன்னும் தாண்டி விழுந்தது. கிடங்கில் பெட்டிகள் பஞ்சு மூட்டையாயின. முதுகு முழுக்கப் பரு வெடித்துச் சட்டையில் ஒட்டியதற்கு வேர்வையைக் காரணம் சொல்லிக்கொண்டாள். மாதவிலக்கு நின்றது. தொல்லை விட்டது என்று முதலில் நிம்மதிகூடப் பட்டாள்.

ஒரு நாள் வண்டியோட்டி ஒருவர் வழக்கம்போல, "குண்டம்மா, வழி விடுங்க" என்றார். அடுத்த நொடி அவர் பெட்டிக் குவியலின் மேல் மல்லாந்து கிடந்தார். தள்ளியது தன் கைதான் என்று அவளுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு கிடங்கில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாயின.

அந்த வாரம் அம்மாவுக்கு போன் செய்தாள்.

"யாருங்க பேசறது? என் பொண்ணு போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அம்மா, நான்தாம்மா."

"குரல் ஏன் இப்படிக் கட்டையா இருக்கு, சளியாடி கண்ணு?"

"ஆமாம்மா, சளி." மாதக் கணக்கில் அந்தச் சளி போகவில்லை. அம்மாவோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

வட்டு எறிபவள் ஒருத்தி அவளுக்குத் தோழி. இருவருக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் ஊசி. ஒரு மாலை உடை மாற்றும் அறையில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்த தோழி, அப்படியே சுவரில் சாய்ந்தாள். களைத்துத் தூங்குகிறாள் என்றுதான் குண்டு நினைத்தாள். உதடு நீலம் பாரித்ததைப் பார்த்ததும் கத்தினாள். அந்தக் கட்டைக் குரல் அவளுக்கே அந்நியமாக எதிரொலித்தது.

மாஸ்டர் ஓடி வந்தார். நாடி பார்ப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கை முதலில் போனது தோழியின் பைக்கு. புட்டிகளைத் தன் பாக்கெட்டில் திணித்துக்கொண்ட பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

அந்தக் கை அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆம்புலன்ஸ் வந்ததும் தன் பையிலிருந்த புட்டியை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். "இதைத்தான் போட்டுக்கிட்டோம். ரெண்டு பேரும்."

"வாயை மூடு. உன் வாழ்க்கையும் சேர்ந்து போயிடும்" என்று பின்னாலிருந்து மாஸ்டர் பல்லைக் கடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தோழி பிழைத்தாள். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. விசாரணையில் மாஸ்டருக்குப் பதவி போயிற்று. வேறு ஊரில் ஜிம் நடத்துவதாகக் கேள்வி. குண்டுக்குப் போட்டிகளில் கலந்துகொள்ளத் தடை.

"என் குரல் திரும்ப வருமா டாக்டர்?"

"மத்ததெல்லாம் மெல்ல சரியாகலாம். குரல் நாண் தடிச்சுடுச்சும்மா. அது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்" என்றார் மருத்துவர் அம்மா. சுற்றி வளைக்கவில்லை.

தடைக் காலத்தில் புதிய பெண் பயிற்சியாளர் ஒருவர் அவள் பழைய வீடியோக்களை ஓட்டிப் பார்த்தார். "சுத்தும்போது இடது கால் தாமதமா ஊணுது, பாத்தீங்களா? சரி, எவ்வளவு நேரம் தூங்கறீங்க?"

டீயும் பன்னுமாக இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு மைதானத்துக்கு ஓடியவள் அவள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கிடங்கில் சொல்லி ஒற்றை ஷிஃப்டாக்கிக்கொண்டாள். முட்டை, பருப்பு, பால், நேரத்துக்குச் சாப்பாடு, வாரத்தில் கட்டாய ஓய்வு, காலை ஊன்றும் பயிற்சி, பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. அவ்வளவுதான். ஊசி தந்த தூரம் பிறகு வரவேயில்லை. ஆனால் அன்று முட்டி மோதிய அந்த ஒரு சாணை, தடை முடிந்த வருடம் ஊசியில்லாமலே தாண்டினாள். கைதட்டினார்கள். குறைந்தது தெம்பு அல்ல, தூக்கமும் இடது காலும்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

இப்போதும் வருடந்தோறும் இதயத்தை ஸ்கேன் செய்துகொள்கிறாள். போன முறை மருத்துவர் அம்மா திரையை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. இதயத்தோட ஒரு சுவர் லேசா தடிச்ச மாதிரி தெரியுது. அடுத்த தடவை ஒரு வருஷம் காத்திருக்க வேணாம், முன்னாடியே வந்துடுங்க."

நெஞ்சில் பூசிய ஜில்லென்ற பசையைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். வெளியே பெஞ்சில் அகன்ற தோள்களோடு ஓர் இளம்பெண் தன் முறைக்குக் காத்திருந்தாள். எங்கே பயிற்சி எடுக்கிறாய் என்று கேட்டதற்கு, அவள் ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். மாஸ்டர் ஜிம் நடத்தும் ஊர் அது. அவள் பேச்சில் லேசான கரகரப்பு.

குண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.