பருப்பு வேகுமா?

இலுப்பூர் வீட்டை விற்பது என்று முடிவானதும், யார் யார் வாங்க வருவார்கள் என்று என் வீட்டுக்காரர் யோசித்து வைத்தார். கடலை வியாபாரி வந்தால் மூட்டை அடுக்க இடம் பார்ப்பார் என்று முன்னறையைக் காலி செய்தார். விவசாயி வந்தால் மாடு கட்ட இடம் பார்ப்பார் என்று கொட்டிலுக்குப் புதுக் கீற்று வேய்ந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் வருகிறவருக்குப் பெண்டாட்டி ஒருத்தி இருப்பாள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டைப் பார்க்க நானும் அப்படி வந்தவள்தானே. ஆண்கள் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு ஒரு செம்பு தண்ணீர் தந்தாள். இளநீர் மாதிரி இனித்தது. கிணற்றுத் தண்ணீர் என்று அவள் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். குடிவந்த அன்று கிணற்றில் இறைத்து உலை வைத்தால், வாயில் வைக்க முடியாத உப்பு. பொழுது சாய்கிற வரை எரித்தும் துவரம்பருப்பு வேகவில்லை. அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் ஊருணிக்கு நடை. குடம் இடுப்பை அறுக்கும்போதெல்லாம் அவளை ஏசுவேன். "அடிப் பாதகத்தி, ஒரு வாய்த் தண்ணியில என்னைய ஏமாத்திட்டியே! ஒன் வீட்டுக் கெணறு வத்திப்போக!"

விற்காமலும் முடியாது. அவருக்குத் திருச்சியில் வேலை. ஓட்டல் சாப்பாட்டில் வயிற்றுப் புண் வந்து பாதியாகிவிட்டார். மாதம் ஒருமுறை வருகிறவரைக் கண்டு இளையவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வீடு விலை போனால்தான் அங்கே குடும்பம் வைக்க முடியும். முதலில் வந்த ஒருவர் கிணற்றில் இறைத்துக் கொப்பளித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோங்க" என்று போனார். போனவர் போனவர்தான்.

அடுத்து கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கடலை வியாபாரி வந்தார். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தாரே தவிர, வாயில் வைத்துப் பார்க்கவில்லை. அவர் மனைவி சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. சுவரையும் கொட்டிலையும் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நேரே அடுப்படிக்கு வந்தாள். காலையில் ஊருணியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைச் செம்பில் மொண்டு கொடுத்தேன்.

"தண்ணி நல்லாருக்கேக்கா. பருப்பு வேகுமா?"

கேட்டுக்கொண்டே குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பிள்ளையை வைத்துக்கொண்டு குடத்தை எங்கே வைப்பாள் என்று எனக்குள் ஓடியது. முன்னறையில் என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

"எங்க வீட்டுல நல்லாத்தான் வேகுது" என்றேன். பொய் இல்லை. எங்கள் வீட்டில் வெந்தது.

அந்த வாரமே பத்திரம் முடிந்தது. திருச்சியில் வாசலிலேயே குழாய். அவர் வயிறும் மெல்லத் தேறியது; இளையவள் அவர் மடியை விட்டு இறங்குவதில்லை. அங்கே குடிபோன அன்று வைத்த பருப்பு அரை மணியில் குழைந்துவிட்டது. எல்லோருக்கும் போட்டேன். எனக்குத்தான் இறங்கவில்லை. இந்நேரம் அந்தப் பெண் குடத்தோடு ஊருணி வழியில் என்னை ஏசிக்கொண்டு போவாள். என்ன சொல்லி ஏசுவாள் என்று எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும்.