முள்ளுக்காடும் ஓட்டு வீடும்

போன மாதம் எர்ணாகுளத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனேன். ஆரல்வாய்மொழி நெருங்கியதும் ஜன்னல் முழுக்கக் காற்றாலைகள். எதிரில் இருந்தவர் போனில், "காத்தாடி பக்கத்துல வீடா? சும்மா குடுத்தாலும் வேண்டாம்" என்றார். எனக்குப் பேச்சியக்கா ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியில் வேலை பார்த்தேன். எத்தனை துவைத்தாலும் சட்டையில் சுக்கு நெடி போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்முவார். நான் குடியிருந்த வரிசை வீடுகளில்தான் பேச்சியக்காவும் தங்கை இசக்கியக்காவும் இருந்தார்கள். இருவருக்கும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. ஆரல்வாய்மொழி தாண்டிப் பணகுடிப் பக்கம் அப்பா விட்டுப்போன சொத்தில் தங்கைக்கு ஓட்டு வீடு, அக்காவுக்கு அதை ஒட்டிய முள்ளுக்காடு. ஏமாளி என்று தெருவே அக்காவைக் கேலி செய்யும். நானும்தான்.

மகளை நர்ஸிங் படிக்கவைக்க இசக்கியக்கா வீட்டை விற்க நினைத்தார். ஒரு வாத்தியார் வாங்குவதாக இருந்தார். அதற்குள் பக்கத்துப் புஞ்சையில் ஒரு காற்றாலை எழும்பிவிட்டது. இறக்கையின் நிழல் சுவரில் வந்து வந்து போவதைப் பார்த்த வாத்தியார் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு யாருமே கேட்கவில்லை. ஆனால் அடுத்த காற்றாலைக்கு முள்ளுக்காடு வேண்டுமென்று கம்பெனித் தரகர் மட்டாஞ்சேரிக்கே தேடி வந்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டு அக்காவின் சாயா ஆறிப்போனது.

தமிழ் படிக்கத் தெரிந்தவன் என்று பத்திரப் பதிவுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். பத்திரத் தமிழைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த தமிழும் மறந்துவிட்டது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. தங்கையின் வீட்டுச் சாவியை வாங்கித் தரகரிடம் நீட்டினார்.

"இதையும் சேத்து எடுங்க."

"அந்த வீட்ட யாரும்மா வாங்குவா?"

"யாரும் வாங்க மாட்டாங்க. காத்தாடி வச்சது நீங்கதான, நீங்களே எடுங்க. இல்லேன்னா என் காடு முள்ளாவே கெடக்கட்டும்."

இசக்கியக்கா அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தார். "சேச்சி, உனக்கு வந்தத விட்டுராத."

"நீ மிண்டாம நில்லுட்டி" என்று அக்கா அவர் வாயை அடைத்தார்.

கையெழுத்துப் போடாமலே கொச்சிக்குத் திரும்பினோம். மழைக்காலம் முழுக்கத் தரகர் வரவில்லை. அக்கா காரியத்தைக் கெடுத்துக்கொண்டார் என்றே நான் நினைத்தேன். மழை விட்டதும் தரகரே வந்தார். அந்தக் காட்டின் வழியாகத்தான் கம்பெனி பாதை போட்டாக வேண்டுமாம். வீட்டையும் காவலாளிகளுக்கென்று நல்ல விலைக்கே எடுத்துக்கொண்டார்கள். இசக்கியக்கா மகள் நர்ஸானாள். பேச்சியக்கா ஓய்வு பெறும்வரை துடைப்பத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இன்று பேச்சியக்கா இல்லை. இசக்கியக்கா மகளோடு குவைத்தில் இருக்கிறார். அப்போதெல்லாம் சாயங்காலங்களில் அக்காவும் தங்கையும் ஒரே வாசற்படியில் உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் வாரிவிடுவார்கள். அந்த வரிசை வீடுகளை இடித்து விடுதி கட்டிவிட்டார்கள். படி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.